துவாலைப் பெட்டி

மார்ல்கோம் பிரபுக்களுக்கு அப்படி என்னதான் உத்தியோகம் என்று கேட்டால் சிரிப்பீர்கள். புது அரசர் முடிசூடும் விருந்தில் கை கழுவியதும், அவருக்குத் துவாலை நீட்ட வேண்டும். அவ்வளவுதான்! அந்த ஒரு நிமிஷ வேலைக்காகத்தான் மாளிகை, மூன்று கிராமம், ஓக் மரக் காடு எல்லாம். வேலை போனால் அத்தனையும் போய்விடும்.

அந்தத் துவாலை ஓர் இரும்புப் பெட்டிக்குள் கிடந்தது. முடிசூட்டின்போதுதான் திறக்கலாம் என்பது குடும்ப வழக்கம். கடைசியாகத் திறந்து அறுபது வருஷம் ஆகிவிட்டது. சின்ன வயதில் சாவித்துளையில் கண்ணை வைத்துப் பார்த்து, பெட்ரோனெல்லா அப்பாவிடம் எத்தனையோ முறை வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறாள்.

"உள்ள என்னதாம்ப்பா இருக்கு?"

"துவாலைதான். போய் விளையாடு" என்பார் அப்பா. ஆனால் முகம் சிவந்துபோகும். துவாலைக்கு எதற்கு வெட்கம்? முப்பது வயதாகியும் அந்தக் கேள்வி அவளை அரித்துக்கொண்டே இருந்தது.

குளிர்காலத்தில் அப்பா போனார், வசந்தத்தில் அரசரும் போனார். உடனே சித்தப்பா மகன் லாம்பர்ட் கிளம்பிவிட்டான். பெண்பிள்ளைக்கு இந்தப் பதவி ஆகாதாம், அசல் துவாலை தன்னிடம்தான் இருக்கிறதாம். போன முடிசூட்டில் அரசர் கை துடைத்த துணியை யார் கொண்டுவருகிறாரோ அவருக்கே பதவி என்று, முடிசூட்டுப் பதவிகள் யாருக்கு என்று தீர்க்கும் உரிமை மன்றம் சொல்லிவிட்டது.

மன்றத்துக்குப் போகவேண்டிய நாள் காலையில் பணிப்பெண் டார்கஸை அருகே வைத்துக்கொண்டு பெட்டியைத் திறந்தாள் பெட்ரோனெல்லா. உள்ளே துவாலை இல்லை. நீல வெல்வெட் சட்டைக்கை ஒன்று, தோளோடு வெட்டியது, தண்ணீர்க் கறையோடு கிடந்தது. கூடவே தாத்தாவின் கையெழுத்தில் ஒரு சீட்டு: 'துவாலையை மறந்துவிட்டேன். என் குலமானம் போயிற்று.'

"அடக் கடவுளே!" டார்கஸ் தலையில் கை வைத்துக்கொண்டாள். "நல்ல துவாலையா ஒண்ணு மடிச்சு எடுத்துட்டுப் போலாம் அம்மணி. யாருக்குத் தெரியப்போகுது?"

பெட்ரோனெல்லாவுக்கும் ஒரு கணம் சபலம் தட்டியது. "வேணாம்டி. தாத்தா மறந்ததும் அரசர் என்ன பண்ணாரு? அது மன்றத்துப் பதிவேட்டுலதான் இருக்கும். எனக்குத் தெரிஞ்சே ஆகணும்."

"வீடே போகப்போகுது, இவங்களுக்குக் கதை கேக்கணுமாம்!"

மன்றத்தில் லாம்பர்ட் பொன்சரிகைத் துவாலையை விரித்தான். சபையே வாய் பிளந்தது. பெட்ரோனெல்லா சட்டைக்கையை வைத்தாள்.

"என்ன தங்கச்சி, தையக்காரன் கடையில வாரிட்டு வந்தியா?" என்றான் லாம்பர்ட். எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்குக் காது சுட்டது.

நீதிபதி மட்டும் சிரிக்கவில்லை. பழைய பதிவேட்டைப் புரட்டிப் படித்தார்: "மார்ல்கோம் பிரபு துவாலை கொண்டுவரவில்லை. அரசர் அவருடைய சட்டைக்கையிலேயே கை துடைத்துக்கொண்டார். இத்தனை மெத்தென்ற துவாலையை எனக்கு யாரும் தந்ததில்லை என்று சொல்லி, விருந்து முடியும்வரை சிரித்துக்கொண்டிருந்தார்."

லாம்பர்ட் துவாலையைச் சுருட்ட ஆரம்பித்தான்.

"ஐயா, அவ பொம்பள..." என்று இழுத்தான்.

"துணி யாருகிட்ட இருக்கோ அவங்களுக்குத்தான் பதவின்னு சொன்னோம். சொன்னது சொன்னதுதான். உக்காருங்க" என்றார் நீதிபதி.

திரும்பும் வண்டியில் டார்கஸுக்கு வாய் ஓயவில்லை. பெட்ரோனெல்லா மட்டும் சட்டைக்கையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள்.

"ஜெயிச்சிட்டு எதுக்கு அம்மணி அழுவுறீங்க?"

"அரசர் சிரிச்சிருக்காருடி. கோபமே படல. தாத்தா அந்த வெக்கத்தோடயே செத்தாரு, அப்பாவும் அப்படியே போயிட்டாரு. ஒரு தடவ போய் அந்தப் பதிவேட்டப் பாத்திருந்தா..."

டார்கஸ் கைக்குட்டையை நீட்டினாள்.

"வேணாம், எங்க வீட்டு வழக்கம் வேற" என்று சொல்லி, பெட்ரோனெல்லா தன் சட்டைக்கையிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.