ஆட்டு வருஷத்துப் பெண்

குரங்கு சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான். சொக்கத் தங்கம். சிவப்புப் பட்டு விரித்த டப்பிக்குள் வாலைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கைமிங்கின் அம்மா டப்பியை மேஜைமேல் ருவோலான் பக்கம் நகர்த்தினாள்.

"கழுத்துல போட்டுக்கம்மா. உன் வருஷம் குரங்கு, இவன் வருஷம் டிராகன். இப்படிப் பொருத்தம் அமையறது அபூர்வம்னு ஜோசியரே சொல்லிட்டார். எதிர்வீட்டுக்காரிக்கு வயிறு எரியுது, தெரியுமா?"

ருவோலானின் அம்மா பெய்ஃபென் தேநீர்க் கோப்பைக்குள் எதையோ தேடினாள். இரண்டு அம்மாக்களும் இரண்டு பிள்ளைகளுமாக நான்கே பேர். கல்யாணத்துக்கு நாள் குறிக்கத்தான் இந்த மதியச் சாப்பாடு.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஷாங்காய்ப் பூங்காவில் குடையை விரித்து, பிள்ளைகளின் விவரத்தை எழுதி அதில் ஒட்டிவிட்டு வரன் தேடும் கூட்டத்தில் பெய்ஃபென்னும் மூன்று வருஷம் உட்கார்ந்தவள். ‘பெண், லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை, சொந்த வீடு’ என்று ஆசையாகப் படித்துக்கொண்டே வருகிறவர்கள், ‘பிறந்தது 1991’ என்ற இடத்தில், பன்னிரண்டு மிருகங்களின் பெயரில் சுற்றிவரும் வருஷங்களில் அது எது என்று விரலை மடக்கி எண்ணுவார்கள். ஆட்டு வருஷம் என்று தெரிந்ததும் அடுத்த குடைக்குப் போய்விடுவார்கள். ஆட்டு வருஷத்தில் பிறந்தவள் போன வீடு விளங்காதாம். ‘பத்து ஆட்டில் ஒன்பதுக்குக் குறை’ என்று பழமொழியே உண்டு. யார் எண்ணிப் பார்த்தார்களோ! போன வசந்தத்தில் பெய்ஃபென் 1991ஐ 1992 ஆக்கினாள். ஆடு குரங்கானது, வயதும் ஒன்று குறைந்தது, ஒரே கல்லில் இரண்டு மாங்காய். ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் செய்யலாம் என்பார்கள். பெய்ஃபென் சொன்னது ஒன்றே ஒன்று. அடுத்த மாதமே கைமிங்கின் அம்மா குடைமுன் வந்து நின்றாள்.

கைமிங் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கிறவன். முதல் சந்திப்பில், மேஜைக்குப் பலகாரம் வந்த நேரத்தில் ருவோலானுக்குப் போன் வந்தது. பக்கத்துக் கட்டடத்தில் லிஃப்டுக்குள் ஒரு கர்ப்பிணி மாட்டிக்கொண்டிருந்தாள். வேலை முடிய இரண்டு மணி நேரம் ஆயிற்று. கைகழுவிக்கொண்டு வெளியே வந்தால், பலகாரப் பொட்டலத்தைச் சட்டைக்குள் வைத்துச் சூடு காத்தபடி படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். "அந்தம்மா நல்லாருக்காங்களா?" என்றுதான் முதலில் கேட்டான். அன்றைக்கே அவளுக்கு அவனைப் பிடித்துவிட்டது.

பிடித்துப்போனதுதான் வம்பு. உண்மையைச் சொல்ல வாய் எடுத்தபோதெல்லாம், அவனும் அடுத்த குடைக்குப் போய்விடுவானோ என்று பயம் வந்தது. "பதிவு பண்ற அன்னைக்கு அடையாள அட்டையைப் பாத்துத் தெரிஞ்சுக்கட்டும்டீ, அதுவரைக்கும் வாயைத் தொறக்காதே" என்று அம்மாவும் சத்தியம் வாங்கியிருந்தாள். இப்போது அந்தக் குரங்கு அவளைப் பார்த்துச் சிரிப்பதுபோல் இருந்தது. இதை மாட்டிக்கொண்டால் காலமெல்லாம் கழுத்தில் பொய்தான் தொங்கும். அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது.

டப்பியை மூடித் திருப்பி நகர்த்தினாள்.

"அத்தை, இது எனக்கு இல்ல. நான் ஆட்டு வருஷம்."

கைமிங்கின் அம்மாவின் முகம் சிவந்தது. "ஏன் சம்பந்தி, குடையில என்ன எழுதியிருந்தீங்க?"

பெய்ஃபென் கோப்பையை வைத்தாள். "பொய்தான் எழுதினேன். புது வருஷம் பொறந்து அஞ்சாம் நாள் இவ பொறந்தா. ஆட்டு வருஷத்துக்குள்ள போயிடக் கூடாது, முன்கூட்டியே வயித்தைக் கிழிச்சு எடுத்துடுன்னு என் மாமியார் கையில கால்ல விழுந்தாங்க. என் பொண்ணு வர்றப்ப வரட்டும்னு நான் மாட்டேன்னுட்டேன். அன்னைக்கு இருந்த தைரியம் அந்தப் பூங்காவுல உக்காந்து உக்காந்து தேஞ்சு போச்சு."

ருவோலான் இதைக் கேட்டதே இல்லை. முப்பத்து மூன்று வருஷமாக அம்மாவைப் பயந்தாங்கொள்ளி என்றே நினைத்திருந்தாள். மேஜைக்கடியில் கையை நீட்டி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கிட்டயாவது சொல்லிருக்கலாம்," என்றான் கைமிங்.

"சொல்லிருக்கணும். தப்பு என்னுதுதான். வேண்டாம்னா இப்பவே சொல்லிடு."

அவன் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டான். பிறகு தன் அம்மா பக்கம் திரும்பினான்.

"ஏம்மா, பத்து ஆட்டுல எத்தனைக்குக் குறைம்பாங்க?"

"ஒம்பது."

"அப்ப அந்தப் பத்தாவது இதோ உக்காந்திருக்கு. தேடிப் பிடிச்சதே நீதான்."

பெய்ஃபென்னுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. கைமிங்கின் அம்மா சிரிக்கவில்லை. "நல்லா வாய் வளத்து வச்சிருக்கேன் உனக்கு," என்று டப்பியை எடுத்துக் கைப்பைக்குள் போட்டாள். அந்தச் சமயம் பார்த்துப் பரிசாரகர் ஆவி பறக்கும் முழு மீனைக் கொண்டுவந்து மேஜை நடுவிலிருந்த சுழல் தட்டில் வைத்துவிட்டுப் போனார். மீனின் தலை யாரைப் பார்த்து நிற்கிறதோ அவருக்குத்தான் மேஜையின் முதல் மரியாதை. அவர் தொடாமல் மற்றவர்கள் சாப்பிடும் குச்சியைக் கையில் எடுக்க மாட்டார்கள். தலை கைமிங்கின் அம்மாவைப் பார்த்து இருந்தது. அவள்தானே மாப்பிள்ளை வீடு!

அவள் மீனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு விரலைத் தட்டின் விளிம்பில் வைத்துத் தள்ளினாள். மீன் மெல்ல நகர்ந்தது. மகனைக் கடந்தது, பெய்ஃபென்னைக் கடந்தது, ருவோலானுக்கு நேராக வந்ததும் விரல் தட்டை அழுத்தி நிறுத்திவிட்டது.

"என்னடீ பாக்கறே? ஆறிடப் போகுது."

ருவோலான் குச்சிகளை எடுத்தாள்.