வெள்ளிச் சிங்கத்தின் மேல் ஒரு வாத்து

என் முதலாளி அகஸ்டஸ் ஃபென்விக்குக்கு ஊறுகாய் விற்றுச் சேர்ந்த பணம் அளவுக்கு மேல், புத்தி அளவோடு. லாங் ஐலண்டு கார் பந்தயத்தில் அவர் ஓட்டுவார், நான் பக்கத்தில் தொற்றிக்கொண்டு எண்ணெய் பம்பை அடிப்பேன். அந்த வருஷம் அவரோடு போட்டிக்கு இறங்கியவர் மச்சான் ஹொரேஸ். தோற்றவர் மீசையை எடுக்க வேண்டும் என்று பேச்சு. முதலாளி தன் மீசைக்குத் தினமும் மெழுகு தடவிச் சீராட்டுவார். மனைவியைக்கூட அப்படிப் பார்த்துக்கொண்டதில்லை.

கார் ஆயிரம் கிலோவைத் தாண்டக் கூடாது. எங்கள் வண்டி தாண்டியது.

“வண்டி மூக்குல இருக்கிற வெள்ளிச் சிங்கத்தக் கழட்டிரலாங்கய்யா.”

“யோவ், அது எங்க குடும்பச் சின்னம்! பிரேக்கக் கழட்டு. ஜெயிக்கப் போறவனுக்கு நிக்கிற வேலை எதுக்கு?”

கழற்றினேன். சம்பளம் வாங்குகிறவன் வேறென்ன செய்வது? எடை ஆயிரத்துக்குச் சற்றுக் கீழே வந்தது. மச்சான் தில்லுமுல்லு செய்வார் என்ற பயத்தில் முதலாளி, ஓட்டம் முடிந்ததும் யாரும் கை வைக்காமல் மறுபடி எடை போட வேண்டும் என்று நடுவரிடம் அடம்பிடித்து ஒரு விதியும் போட வைத்தார்.

முதலில் வந்தோம். நிற்கத்தான் முடியவில்லை. கோட்டைத் தாண்டி, வேலியை உடைத்து, வாத்துப் பண்ணைக்குள் போய்த்தான் நின்றோம். கயிறு கட்டிக் குதிரைகள் வண்டியை எடை மேடைக்கு இழுத்து வந்தபோது இருக்கையெல்லாம் வாத்துகள்.

“விரட்டித் தொலைங்கய்யா!” என்று கத்தினார் முதலாளி.

“வண்டி மேல கை வைக்கக் கூடாது. நீங்க கேட்ட விதிதான்,” என்றார் நடுவர்.

தள்ளி நின்று ரொட்டியைக் காட்டினோம். ஒவ்வொன்றாக இறங்கின. ஒன்று மட்டும் சிங்கத்தின் தலையில் சட்டமாக உட்கார்ந்துவிட்டது. தராசு முள் ஆயிரத்துக்குக் கொஞ்சம் மேலே. எறிந்த ரொட்டியையெல்லாம் அது உட்கார்ந்த இடத்திலேயே தின்றது. முள் இன்னும் ஏறியது.

“இறங்கும்மா, கண்ணு,” என்று கெஞ்சினார் முதலாளி. தொழிற்சாலையில் யாரிடமும் அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

“போதும் மாப்ள, பொழுது சாயுது. உக்காருங்க,” என்று ஹொரேஸ் சவரக்கத்தியோடு வந்தார். நடுவர் தீர்ப்புச் சொல்லும்வரைகூட அவருக்குப் பொறுக்கவில்லை.

மீசை விழுந்தது. எனக்கே கண் கலங்கிவிட்டது. முதலாளியின் முகம் உரித்த வெங்காயமாக மின்னியது. வாத்து அதை ஒருமுறைதான் பார்த்தது. அலறிக்கொண்டு இறங்கி ஓடிவிட்டது.

முள் ஆயிரத்துக்குக் கீழே வந்து நின்றது.

“எடை சரி. கோப்பை ஃபென்விக்குக்கு,” என்றார் நடுவர்.

ஹொரேஸின் கை தன் மீசைக்குப் போனது. முதலாளி கத்தியைப் பிடுங்கிக்கொண்டு நாற்காலியைத் தட்டினார்.

“வாங்க மச்சான். இதுக்கும் பிரேக் கிடையாது.”