மூன்று நாள் மருந்து

எங்கள் முதலாளி திருமூர்த்தி நல்ல மனிதர். அந்த நல்ல மனசுதான் என் கல்யாணத்துக்கு உலை வைக்கப் பார்த்தது.

மண்ணரையில் அவருடைய சாயப்பட்டறையில் எவாப்பரேட்டர் ஓட்டுவது என் வேலை. சாயக்கழிவின் உப்புத்தண்ணீரைக் கொதிக்கவைத்து, தண்ணீரையும் உப்பையும் தனித்தனியாகப் பிரிக்கும் மிஷின் அது. அந்தச் சூட்டில் தண்ணீரிலுள்ள சுண்ணாம்பு குழாய்களுக்குள் கல்லாகப் படியும். படியாமலிருக்க, மணிக்கு இத்தனை மில்லி என்று அளந்து மருந்து விடவேண்டும். 2008இல் இரண்டு முறை அப்படிக் கல் படிந்து, இரண்டு முறையும் நான் சாத்தூருக்குப் பெண் பார்க்கப் போவது தள்ளிப்போனது. மூன்றாவது தடவையும் வராவிட்டால் வேறு மாப்பிள்ளை பார்ப்பதாகப் பெண்ணின் அப்பா பெரியகருப்பன் சொல்லிவிட்டார். எனக்கோ போட்டோவில் பார்த்த விஜயராணியை விட மனசில்லை.

ஞாயிறு காலை பெண் பார்ப்பது. சனிக்கிழமை மதியம் பஸ். காலையில் பையோடு பட்டறைக்கு வந்தால், முதலாளி வாசலிலேயே சிரித்துக்கொண்டு நின்றார்.

“நீங்க நிம்மதியாப் போய்ட்டு வாங்க ராஜபாண்டி. மூணு நாளைக்கு உண்டான மருந்தை நானே சேத்து ஊத்திட்டேனுங்க.”

பையைக் கீழே போட்டேன். “அடப்பாவமே! ஒரேயடியாவா ஊத்துனீக?”

“ஊருக்குப் போறதுன்னா காட்டுக்கு மூணு நாளைக்குச் சேத்துத் தண்ணி கட்டிட்டுத்தானுங்க போவோம்?”

ஓடிப்போய் மிஷினின் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தேன். பால் திரிந்ததுபோல் இருந்தது. அளவோடு விட்டால்தான் அது மருந்து. அளவு மீறினால் அதுவே சுண்ணாம்போடு சேர்ந்து பிசினாகிக் குழாயை அடைக்கும். இறுகிவிட்டால் ஒரு வாரம் உட்கார்ந்து சுரண்டவேண்டும். அவர் முதலாளி என்பதையே மறந்து கத்தினேன்.

“இது என்ன சோளக்காடா மொதலாளி? என் கல்யாணம் உங்க கையாலதான் நாசமாப் போகணுமா?”

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வால்வைத் திறக்க வந்தார். உப்புத்தண்ணீர் முழுவதையும் தொட்டிக்கு இறக்கினோம். நல்ல தண்ணீரைச் சூடாக்கி விட்டோம், வடித்தோம், மறுபடி விட்டோம். ஏழு முறை. இதற்குள் பஸ் போய்விட்டது. மாலையில் டார்ச் அடித்துப் பார்த்தால் குழாய்கள் பளபளத்தன. சந்தோஷத்தில் முதலாளியைக் கட்டிப்பிடித்துவிட்டேன்.

“வர்ற கழிவுத் தண்ணிக்குத் தொட்டி ரெண்டு நாளைக்குத் தாங்குமுங்க. அது வரைக்கும் மிஷின் சும்மா கெடக்கட்டும்” என்றவர், மறுநாள் விடிந்ததும் காரோடு வந்து நின்றார்.

சொன்ன நேரத்துக்குச் சாத்தூர் போய்ச் சேர்ந்தோம். நான் வாய் திறப்பதற்குள் முதலாளி நடந்த கதை முழுவதையும் கூடத்தில் ஒப்பித்துவிட்டார்.

“தப்புப் பூரா என்னுதுங்க. என்னைய நல்லாத் திட்டித்தான் மிஷினைக் காப்பாத்துனாருங்க.”

பெரியகருப்பன் முகத்தை உம்மென்று வைத்திருந்தார். முதலாளியையே திட்டுகிறவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்?

விஜயராணி காபித் தட்டோடு வந்தாள். என் முன்னால் நீட்டும்போது அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

“அடுத்த தடவ வரும்போது மருந்து ரூமைப் பூட்டிச் சாவிய எடுத்துட்டு வாங்க.”

பெரியகருப்பன் சத்தமாகச் சிரித்துவிட்டார். முதலாளியும் ஏதோ சொன்னார். ‘அடுத்த தடவ’ என்றாளே, அதற்குமேல் எனக்கு எதுவும் காதில் விழவில்லை.