நான்காவது கொடிக்கம்பம்

எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு குழாய் உண்டு. நீல நிறக் குழாய், பளபளக்கும் திருகு, அடியில் சிமென்ட் திட்டு, திட்டின் மேல் திட்டத்தின் பெயர். ஒவ்வொரு குடும்பத்தையும் குழாயோடு நிற்க வைத்துப் படம் பிடித்துக்கொண்டும் போனார்கள். தண்ணீர் மட்டும் வரவில்லை. அம்மா அந்தத் திருகில் குடையை மாட்டி வைத்திருந்தாள்.

காரணம் எல்லோருக்கும் தெரியும். முச்சந்தியில், பெரிய குழாயிலிருந்து எங்கள் தெருவுக்குப் பிரியும் இடத்தில், மண்ணுக்கடியில் ஒரு கேட் வால்வு இருக்கிறது. ஏதோ பழுதுக்காக அதை மூடினார்கள். மூடியவர் மாற்றலாகிப் போய்விட்டார். பிறகு அங்கே மண் கொட்டினார்கள், ஜல்லி கொட்டினார்கள், தேர்தலுக்கு ஓர் அடுக்கு வீதம். இப்போது வால்வு எங்கே என்று யாருக்கும் தெரியாது. குழாய் பிளாஸ்டிக். வால்வு மட்டுந்தான் வார்ப்பிரும்பு.

வியாழக்கிழமை முச்சந்தியில் சிமென்ட் கல் பதிக்கப் போகிறார்கள். பதித்துவிட்டால் ஐந்து வருஷத்துக்கு அங்கே யாரும் தோண்டக் கூடாதாம். அதற்குள் இடத்தைக் காட்டினால் உடனே திறந்துவிடுவதாக ஒன்றியப் பொறியாளர் சொல்லியிருந்தார். காட்டாவிட்டால் அம்மாவின் குடைக்கு இன்னும் ஐந்து வருஷம் வீடு நிச்சயம்.

தெருக்காரர்கள் ஏற்கனவே தோண்டிப் பார்த்துவிட்டார்கள். ஆளுக்கோர் இடத்தைச் சத்தியம் செய்து காட்டினார்கள். எல்லாச் சத்தியமும் இடுப்பளவு ஆழத்தில் பொய்த்தது.

நானும் எதிர்வீட்டு ஜோதிகாவும் ஏனாத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் இயற்பியல் கடைசி வருஷம் படிக்கிறோம். எங்கள் ப்ராஜெக்ட் ஒரு காந்தமானி. பூமிக்கே ஒரு காந்தப்புலம் இருக்கிறது. அது மகா சோப்ளாங்கி, பிரிட்ஜில் ஒட்டுகிற பொம்மைக் காந்தத்தில் நூறில் ஒரு பங்குகூடத் தேறாது. ஆனால் ஒழுக்கமானது. பக்கத்தில் இரும்பு இருந்தால்தான் தடுமாறும். ஆளுயரப் பிளாஸ்டிக் குழாயின் மேல்முனையில் ஓர் உணரி, கீழ்முனையில் ஓர் உணரி வைத்தோம். இரண்டும் ஒரே புலத்தைக் காட்டினால் திரையில் பூஜ்யம் வரும். கீழே இருப்பது மட்டும் தடுமாறினால் எண் ஏறும், மண்ணுக்குள் இரும்பு. உணரிகளுக்கான மயிரிழைச் செம்புக் கம்பியை ஜோதிகா தன் வீட்டில் பட்டு நூல் சுற்றுகிற ராட்டையிலேயே சுற்றினாள். துறைத்தலைவர் வந்து பார்த்துவிட்டு, ஒரு சிவப்பு விளக்கு எரிந்தால் நன்றாக இருக்குமே என்றார். வைத்தோம். அதற்கு வேறு வேலை கிடையாது.

புதன்கிழமை காலை தெருவே முச்சந்திக்கு வந்திருந்தது. முன்னாள் ஊராட்சித் தலைவர் துரைக்கண்ணு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் தெருவில் தண்ணீர் இரண்டு வேளை வரும் என்பதால் அவருக்கு எதைப் பார்க்கவும் நேரம் இருந்தது. அவருடைய புல்லட்டைத் தள்ளி நிறுத்தச் சொன்னாள் ஜோதிகா. சாவி, போன், பெல்ட் எல்லாவற்றையும் ஊரார் கழற்றி வைத்தார்கள். ஒருவருடைய அரைஞாண் வெள்ளிதானா என்று தனியாக விசாரணை நடந்தது.

பேட்டரிப் பெட்டியைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு நான் நடந்தேன். கல்லூரியில் சாதுவாக இருந்த எண் இங்கே அடிக்கு அடி குதித்தது. வெறும் தரையில் ஏறியது, இறங்கியது, மைனஸுக்குப் போய்த் திரும்பி வந்தது.

"இன்னாபா ஜோசுவா, மெஷினுக்கு சாமி வந்துக்கிச்சா?" என்றார் துரைக்கண்ணு.

ஊர் சிரித்தது. எங்கள் தெருவும் சேர்ந்து சிரித்ததுதான் கொஞ்சம் உறைத்தது.

ஜோதிகா சிரிக்கவில்லை. நான் நின்றால் எண் நிற்கிறது, நடந்தால் ஆடுகிறது என்பதைக் கவனித்துவிட்டு என் சட்டைப் பையைச் சோதித்தாள். பிறகு பேட்டரிப் பெட்டிக்கு அம்மா முந்தின நாள் பழைய புடவையில் தைத்துக் கொடுத்த உறையைப் பிடித்து, அதன் ஓரத்தை விரலால் நெருடினாள். தையலைப் பிரித்தாள். உள்ளே ஓர் இரும்பாணி.

எங்கள் ஊரில் கறிச்சோறு கட்டிக்கொண்டு போனாலும் கூடவே ஓர் இரும்புத் துண்டு போகும், காத்து கருப்பு அண்டாமல் இருக்க. ஆனால் அம்மா ஒரு ஞாயிறுகூட ஆராதனைக்குத் தவறாதவள். எதற்கும்மா இது என்றேன்.

"ஊர்க் கண்ணு அத்தினியும் உங்க ரெண்டு பேர் மேல இருக்குது. கர்த்தர் பாத்துக்குவாரு. அவரு அசந்தா ஆணி இருக்குது," என்றாள் அம்மா.

ஆணியைத் தூர வைத்ததும் எண் பூஜ்யத்தில் போய்ப் படுத்துக்கொண்டது. சிரித்தவர்கள் கிட்டே வந்தார்கள். நெசவாளிகள் பாவு நூல் விரிப்பதுபோல முச்சந்தியின் குறுக்கே கயிறு கட்டி, கயிறு கயிறாக நடந்தோம். எண் ஏறிய இடங்களில் தோண்டினார்கள். ஒரு லாடம் வந்தது. கடப்பாரை முனை ஒன்று வந்தது. பாதித் தோசைக்கல் ஒன்று வந்தது. அதைத் திருடியதாகச் சொல்லி இத்தனை நாள் பேசாமலிருந்த இரண்டு வீட்டார் அங்கேயே ராசியானார்கள். வால்வு வரவில்லை.

மிச்சமிருந்தவை மூலையில் நான்கு கட்சிக் கொடிக்கம்பங்கள். அவையே இரும்பு என்பதால் அந்தப் பக்கம் போகாமல் விட்டிருந்தோம். தோண்டியவர்களும் விட்டிருந்தார்கள். கட்சிக் கம்பத்தின் அருகே கடப்பாரையோடு போனால் அன்று மாலைக்குள் சாலை மறியல்.

ஜோதிகா அந்த ஆணியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "இரும்பு இன்னொரு இரும்பு பின்னாடி ஒளிஞ்சிக்கினு இருந்தா?" என்றாள்.

நான்கு கட்சிகளும் ஒத்துப்போகிற ஒரே விஷயம் கம்பம் வாங்குகிற கடை. காஞ்சிபுரத்தில் ஒரே கடை, ஒரே குழாய், ஒரே உயரம். அப்படியானால் நான்கும் ஒரே எண்ணைத்தான் காட்ட வேண்டும். முதல் கம்பத்தின் காலடியில் வைத்தோம். இரண்டாவது, மூன்றாவது. கூடக் குறைய ஒரே எண். நான்காவதில் மற்ற மூன்றையும் சேர்த்த அளவுக்கு ஏறியது. நான்காவது, துரைக்கண்ணுவின் கட்சி.

அவர் நாற்காலியிலிருந்து எழுந்தார். "கம்பம் இரும்பும்மா. காட்டாம இன்னா பண்ணும்?"

"மத்த மூணும் இரும்புதான் தலைவரே. உங்க கட்சி மட்டும் கனமா?" என்றாள் ஜோதிகா.

யாரும் சிரிக்கவில்லை. யாரும் கடப்பாரையையும் எடுக்கவில்லை. அம்மா துரைக்கண்ணுவையே பார்த்துக்கொண்டிருந்தாள். தெருவே அவரைத்தான் பார்த்தது. அவர் கம்பத்தை மேலும் கீழும் பார்த்தார். முகத்தில் ஏதோ ஒரு ஞாபகம் மெதுவாக வந்து உட்கார்ந்தது.

"மாநிலத் தலைவர் வராருன்னு அவசரமா நட்டோம்," என்றார். "குழி ரெடியா இருந்துச்சி. பாதி தூந்துபோன செங்கல் குழி. வேல மிச்சம்னு சந்தோசப்பட்டேன்."

பிறகு அவரே கயிற்றை அவிழ்த்துக் கொடியை இறக்கி, மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். "தோண்டுங்கபா," என்றார்.

பீடம் உடைந்தது. கம்பத்தின் காலுக்கு ஒரு சாண் தள்ளி, துருவேறி, குண்டாக, கோபித்துக்கொண்ட மாமனாரைப் போல வால்வு உட்கார்ந்திருந்தது. பொறியாளருக்குப் போன் பறந்தது. அவர் அனுப்பிய ஆள் எண்ணெய் ஊற்றி, சாவி மாட்டி, நாலு பேரைத் துணைக்குப் பிடித்துத் திருகினார். அது முனகியது. அப்புறம் சுற்றியது.

தெருவில் முதலில் இருமல் கேட்டது, வீட்டுக்கு வீடு, குழாய்களின் இருமல். பிறகு செம்மண் நிறத்தில் கொஞ்சம். பிறகு தண்ணீர். குடத்தை எடுக்கப் போனவர்கள் குடத்தை மறந்து கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். எங்கள் வீட்டுத் திருகில் தொங்கிய குடை, வாங்கிய நாளிலிருந்து நனையாத அளவுக்கு நனைந்தது. ஜோதிகாவைத் தூக்கிக்கொண்டு பெண்கள் தெருவைச் சுற்றினார்கள். காந்தமானியை நான் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. துறைத்தலைவர் சொன்னது சரிதான். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

சாயங்காலம் மைக் கட்டினார்கள். இத்தனை வருஷம் அந்த வால்வை மாற்றுக் கட்சியினர் களவாடிவிடாதபடி தம் கொடி நிழலில் கட்டிக் காத்த வரலாற்றை துரைக்கண்ணு விரிவாக எடுத்துரைத்தார். ஈரக் கையோடு கைதட்டினோம். ஈரக் கைதட்டலுக்குச் சத்தம் அதிகம்.

கம்பத்தை நாலடி தள்ளி நட்டார்கள். ஜோதிகா விடாமல் போய் அளந்தாள். மற்ற மூன்றும் காட்டிய அதே எண்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா அந்த ஆணியைக் கறுப்புக் கயிற்றில் கோத்துக் குழாயின் கழுத்தில் கட்டிக்கொண்டிருந்தாள். தண்ணீர்தான் வந்துவிட்டதே என்றேன்.

"வராத கொழாய எவன்டா கண்ணு வச்சான்?" என்றாள் அம்மா. "இனிமேதான் வைப்பானுங்க."