பச்சைச் சேலைப் பாதசாரி

மாலை நான்கு மணிக்குத் தயாபரனைப் பார்க்க ஒரு பாதசாரி வந்தாள். அவர் பத்துக்கு ஆறு மதிப்பெண் போட்டிருந்த ‘வான்மறவன்’ வீடியோ கேமிலிருந்து வந்திருந்தாள். பச்சைச் சேலை, கையில் காய்கறிப் பை. கேமுக்குள் இருக்கும் நகரத்தின் மூன்றாவது தெருவில் நாள் முழுக்க நடப்பது அவள் வேலை.

செருப்பை வாசலில் கழற்றினாள். செருப்பு இருந்த இடத்தில் பாதம் இல்லை. தயாபரன் அதைப் பெரிதுபடுத்தவில்லை. விமர்சனத்திலேயே குறிப்பிட்டிருந்தார்.

“உக்காருங்க.”

“உக்கார வராது சார். நடக்கத்தான் தெரியும்.”

கூடத்தில் நடந்தாள். கூடம் அவளுக்காகக் கொஞ்சம் நீண்டது. சுவர் வந்ததும் சற்று நேரம் சுவரோடு முட்டிக்கொண்டே நடந்தாள். பிறகு திரும்பினாள்.

அவளைத் தூக்கி வந்த கேமின் நாயகன் வான்மறவன் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் மேல் நின்றிருந்தான். “தம்பி, அப்படியே தண்ணி எவ்வளவு இருக்குன்னு பாத்துச் சொல்லேன்” என்று கீழ்வீட்டுக்காரர் கத்தினார். அவன் பார்க்கவில்லை. பறப்பது பிரமாதம், மற்றதற்கு லாயக்கில்லை என்று தயாபரன் எழுதியிருந்தது சரிதான்.

“என்ன விஷயம்?”

“இந்த ஊர் ஜனங்களுக்கு உயிரில்ல, ஒரே வரியைத்தான் சொல்றாங்கன்னு எழுதிட்டீங்க. கம்பெனியில படிச்சிட்டாங்க. ஆறு மணிக்கு அப்டேட். எங்க தெருவைத் தூக்கிட்டு பார்க்கிங் வைக்கிறாங்க.”

“நீங்க ஒரே வரிதானே சொன்னீங்க? ‘நல்லவேளை வந்தீங்க’ன்னு.”

“அது ஆரம்பம் சார். அதுக்குள்ள பேச்சைத் தாண்டற பட்டனை அமுக்கிட்டீங்க.”

அமுக்கியது உண்மை. விமர்சகருக்கு நேரம் கிடையாது. யாராவது பேசத் தொடங்கினால் அவருடைய வலது கட்டைவிரல் தானாக மடங்கும். பல வருடப் பழக்கம்.

மனைவி சுகந்தி காபி கொண்டுவந்தாள். ஏதோ சொன்னாள். சொல்லி முடித்திருந்தாள்.

“மீதி எவ்வளவு இருக்கு?” என்று பாதசாரியிடம் கேட்டார்.

“நாலு நிமிஷம். என் பேரே அதுலதான் வருது. கேட்டுட்டு அந்த ஒரு வரியைத் திருத்துங்க சார். தெரு பொழச்சுக்கும்.”

“போட்ட மார்க்கை மாத்தறதில்ல.”

“மார்க்கை யார் கேட்டா? உயிரில்லங்கறதை எடுங்க.”

நியாயமாகப் பட்டது. இடது கையால் வலது கட்டைவிரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

அவள் நின்றாள். இதுவரை நின்றதில்லை. பையைக் கீழே வைத்தாள்.

“நல்லவேளை வந்தீங்க. என் பேரு...”

கட்டைவிரல் பிடியிலிருந்து துள்ளியது.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். “இதை யார்கிட்டயும் சொன்னதில்ல சார். இப்பத்தான் பாரம் இறங்குச்சு. எழுதிடுவீங்கல்ல?”

“எழுதிடறேன்.”

லேப்டாப்பைத் திறந்தார். ‘இந்த நகரத்தில்’ என்று தொடங்கினார். அடுத்த சொல் வரவில்லை. அடுக்களைக்குப் போனார். சுகந்தியும் அழுதிருந்தாள். கேட்டிருக்கிறாள் என்று நிம்மதியானது.

“சுகந்தி, அவ பேரு என்னம்மா?”

சுகந்தி அவரையே பார்த்தாள். “பக்கத்துல உக்காந்துதானே கேட்டீங்க? சரி, நானும் ஒண்ணு சொல்லணும்...”

கட்டைவிரல் மடங்கியது.

ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தது. சுகந்தி வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு நின்றாள். கையில் பயணப் பை. பாதசாரி அவள் தோளைப் பிடித்திருந்தாள். வெளியே வான்மறவன் இரண்டு பேருக்குத் தோதாகக் கைகளை அகட்டி வைத்திருந்தான்.

“இவ்வளவு நேரம் சொன்னேனே, அதுக்கு என்ன சொல்றீங்க?” என்றாள் சுகந்தி.