மழையைக் கேட்ட பெட்டி

தொண்டை அறுவை முடிந்து வீடு திரும்பிய தங்கை, தன் குரலைப் பதிவு செய்து கேட்ட அன்றே பாட்டை மூட்டைகட்டி வைத்துவிட்டாள். கீழ்ஸ்தாயிக்கு இறங்கினால் மணலை மென்றதுபோல் ஒரு கரகரப்பு. அதற்குப் பிறகு துணி மடிக்கும்போதுகூட அவள் முணுமுணுக்கவில்லை. பாட்டில்லாத வீட்டில் அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை.

அக்கா வயர்லெஸ் ரிப்பேர்க்காரி. தங்கை வீடு வந்ததற்குப் பரிசாக, மைக்கோடு இணைத்துக் குரலைப் பெருக்கிப் பதிவுக்கு அனுப்பும் அந்த ஆம்ப்ளிஃபயர் பெட்டியைச் செய்து கொடுத்ததே அவள்தான். குரல் உள்ளே நுழையும் வாசலில், அந்த அலையை மட்டும் உள்ளே விடும் கெபாசிட்டர் ஒன்று வேண்டும். முதலில் வைத்த பிலிம் கெபாசிட்டர் கொழுகொழுவென்று நின்று மூடியை மூடவிடவில்லை. அதைப் பிடுங்கிவிட்டு மிளகு அளவில் ஒரு செராமிக்கை, அதாவது பீங்கான் கெபாசிட்டரை வைத்தாள். படபடவென்று துடிக்கும் வயர்லெஸ் அலைகளுக்கு அவள் கண்ணை மூடிக்கொண்டு போடுவது அதைத்தான். மூடி கச்சிதமாக உட்கார்ந்தது. அந்த அழகில் சொக்கிப்போன அம்மணி வேறெதையும் யோசிக்கவில்லை. போதாக்குறைக்கு ஒரு பீற்றல் வேறு: "மெஷினுக்குப் பாசம் கிடையாதுடி. உள்ளதைத்தான் சொல்லும்."

தங்கை அதை அப்படியே நம்பி, கரகரப்பு தன் தொண்டையில்தான் என்று முடிவு கட்டிவிட்டாள்.

அன்று மத்தியானம் மழை. அக்கா வேலை மேசையில் தலை சாய்த்திருந்தாள். அறை முழுக்கத் தண்ணீர் நிறத்தில் வெளிச்சம். தூக்கமா விழிப்பா என்று தெரியாத அந்த நேரத்தில், யாரோ மெதுவாக நடந்து வருவதுபோல் ஒரு சத்தம். டொக். டொக். மழைதான் தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது என்று நினைத்து, "ம்" என்று பதிலும் சொன்னாள். பிறகுதான் கண் திறந்தது. ஜன்னல் ஒழுகி, மேசை ஓரத்தில் சொட்டு விழுந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு சொட்டுக்கும் மேசைமேல் இருந்த பெட்டியின் ஸ்பீக்கர் முனகியது. அணைக்க மறந்த பெட்டி சரி, மைக் எங்கே? அது அலமாரிக்குள் அல்லவா இருக்கிறது!

மூடியைத் திறந்து, பென்சில் முனையால் அந்த மிளகைத் தட்டினாள். ஸ்பீக்கர் திருப்பித் தட்டியது.

அவள் பென்சிலைக் கீழே வைத்தாள். தட்டினாலே தானாகப் பேசுகிற சாமான், நீள நீள அலையாக வரும் அடிக்குரலை மட்டும் நெளிக்காமல் விடுமா? நல்ல குரலில் மணலைக் கொட்டியது தன் கைதான்.

"சீக்கிரம் இங்க வாடி!"

"ஆறுதல் சொல்றதா இருந்தா வேணாம்க்கா," என்றபடி வந்தாள் தங்கை.

"ஆறுதலும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. தப்பு என்னோடது. கேளு." அக்கா மறுபடி தட்டிக் காட்டினாள். பிறகு செராமிக்கைக் கழற்றி, பழைய பிலிம் குண்டனையே பற்றவைத்தாள். மூடாத மூடிக்கு ஒரு ரப்பர் பேண்டு.

தங்கை அலமாரியிலிருந்து மைக்கை எடுத்து வந்து செருகினாள். பிறகு, மழைக்குக்கூடக் கேட்காத மெல்லிய குரலில் பாடி, கீழே கீழே இறங்கினாள். பதிவைப் போட்டுக் கேட்டார்கள். மணல் இல்லை. குரல் ஈரமாக, நிறைவாக வந்தது. அக்கா வெட்கமில்லாமல் அழுதாள்.

ஆனால் அடியிலும் அடியான ஸ்வரத்தில், நூல் பிரிவதுபோல் ஒரு சின்ன விரிசல். அக்கா பதறிப்போய் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள்.

தங்கை அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அதத் தொடாதக்கா. அது பெட்டியோடது இல்ல, என்னோடது."

சொல்லிவிட்டு, அந்த ஸ்வரத்திலிருந்தே மறுபடி பாட ஆரம்பித்தாள்.