மச்சான் கொண்டுவந்த எஸ்டேட் கார்

முதலில் காரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நடந்தது அப்புறம்தான் விளங்கும்.

அது எஸ்டேட் கார். முன்பக்கம் எல்லாக் கார்களையும் போலத்தான். பின்பக்கம் மட்டும் கூரை சரிந்து இறங்காமல் நேராக நீண்டு, ஒரு பெரிய கதவில் போய் முடியும். எனக்குத் திரைச்சீலை தைத்து வீடுகளில் மாட்டிக் கொடுக்கிற தொழில். திரைக் கம்பிகளைப் படுக்க வைத்துக் கொண்டுபோக அந்த நீளம் வேண்டும். காலையில் என் பிள்ளைகள் இருவரோடு மச்சானின் மகளையும் பள்ளிக்கூடத்தில் இறக்க வேண்டும். ஒரே வண்டியில் இரண்டும் நடக்க வேண்டும். கையில் இருந்த காசுக்கு அப்படி ஒரு வண்டி கிடைக்காது என்று போன இடமெல்லாம் சொன்னார்கள்.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். அடிபட்ட கார்களுக்குத் தகர வேலையும் பெயின்ட்டும் செய்கிறவர். என் பிள்ளைகளுக்கு அவர் ‘தகர மாமா’.

“பெரிய பின்பக்கம், சின்ன விலை. அவ்வளவுதானே மாப்ள? என்கிட்ட விடுங்க” என்றார். சொன்னபடியே கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். எதிர்வீட்டு எலெக்ட்ரீஷியன் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். “இந்த விலைக்கு எனக்கு ஸ்டீயரிங்கைக் கழட்டிக்கூடத் தரமாட்டாங்க” என்று பெருமூச்சு விட்டார். என் மனைவிக்குக் கால் தரையில் பாவவில்லை. நான் எதற்காவது முணுமுணுத்தால் போதும், “எங்க அண்ணன் மாதிரி ஆள் உங்க பக்கத்துல ஒருத்தர் உண்டா?” என்பாள். காரைப் பார்த்த பிறகு என்னால் அதற்குப் பதில் சொல்ல முடிந்ததில்லை.

மச்சான் ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தார். வண்டியில் வேறு யாரும் கை வைக்கக் கூடாது. ஆயில் மாற்றுவதென்றாலும் அவரே வருவார். “மத்தவன் தொட்டா கெடுத்துடுவான் மாப்ள.” அக்கறை என்றுதான் நினைத்தோம்.

போன மாதம், காருக்குப் பின்னால் ஒரு சின்ன டிரெய்லர் மாட்டிக்கொண்டால் வேலைக்கு வசதியாக இருக்கும் என்று தோன்றியது. அதற்கு ஒரு கொக்கி போட வேண்டும். மச்சான் வெளியூர் போயிருந்தார். இந்தச் சின்ன வேலைக்காக அவரை ஏன் அலைக்கழிக்க வேண்டும் என்று வழியில் இருந்த ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன்.

மெக்கானிக் காரை உயரத் தூக்கி நிறுத்திவிட்டு, டார்ச்சோடு அடியில் போனார்.

“சார், இங்க வந்து பாருங்க.”

குனிந்து போனேன். முன்சீட்டுகளுக்குச் சற்றுப் பின்னால், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, கறுப்புப் பூச்சை அவர் சுரண்டியிருந்தார். உள்ளே ஒரு கோடு.

“இந்தக் கோட்டுக்கு முன்னாடி இருக்கறது ஒரு வண்டி. பின்னாடி இருக்கறது வேற வண்டி.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. கையை நீட்டிக் கோட்டைத் தடவிப் பார்த்தேன். அகலம் பத்தாத துணியில் இரண்டு துண்டுகளை இணைத்து, ஒட்டு தெரியாமல் மடிப்புக்குள் மறைப்பதுதான் என் பிழைப்பு. இதுவும் அப்படித்தான் மறைக்கப்பட்டிருந்தது. மேலே கார்ப்பெட், கீழே கறுப்புப் பூச்சு. பிள்ளைகள் மூவரும் கால் வைக்கிற இடம். என் கை தானாகப் பின்வாங்கியது.

“ஓட்டலாமா?” என்றேன்.

“ஓடும். இவ்வளவு நாள் ஓடியிருக்கே. எதுலயாவது மோதினா, நீங்க ஒரு பக்கம் போவீங்க, பின்னாடி உட்கார்ந்தவங்க ஒரு பக்கம்.” அப்புறம் அவராகவே சொன்னார்: “வேலை மட்டும் சுத்தம் சார். எந்தக் கையோ தெரியல.”

எனக்குத் தெரிந்துவிட்டது. காரை லாரியில் ஏற்றி மச்சானின் பட்டறைக்கு அனுப்பச் சொல்லிவிட்டு பஸ்ஸில் வீடு வந்தேன்.

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கும்வரை ஒரே சட்டையைத் திரும்பத் திரும்ப மடித்தாள்.

“அண்ணனை யாரோ ஏமாத்தி வித்திருக்காங்க” என்றாள். “பாவம், அவருக்குத் தெரிஞ்சா துடிச்சுப் போயிடுவார்.”

மறுநாள் மச்சான் ஊரிலிருந்து வந்ததும் பட்டறைக்குப் போனோம். கார் நடுவில் நின்றது. அவர் பையைக்கூடக் கீழே வைக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணா, உன்னை யாரோ நல்லா ஏமாத்திட்டாங்க” என்றாள் அவள்.

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். நானும் விட்டிருப்பேன். அவர் என்னைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார்.

“யாரும் ஏமாத்தல. நான்தான் ஒட்டினேன்.”

அவள் பக்கத்திலிருந்த டயர் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

“நீங்க வெச்சிருந்த காசுக்கு முழு வண்டி கிடையாது. ரெண்டு பாதிதான் கிடைச்சுது. ஒண்ணு முன்னாடி நசுங்கினது, இன்னொண்ணு பின்னாடி. நல்ல பாதி ரெண்டையும் சேர்த்தேன். ராத்திரி பகலா உட்கார்ந்து சேர்த்தேன்.”

“சொல்லியிருக்கலாமே?”

“சொன்னா ஏறியிருப்பியா?”

“உன் பொண்ணும் அதுலதானே போறா?”

“தினமும் போறா. என் ஒட்டு மேல எனக்கு நம்பிக்கை இல்லன்னா அவளை ஏத்துவேனா?”

வழியெல்லாம் திட்டுவதற்கு வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு வந்திருந்தேன். காசுக்கு ஆசைப்பட்டவனைத் திட்டலாம். பெற்ற மகளைக் கூசாமல் அதே கோட்டின் மேல் உட்கார வைத்தவரை என்னவென்று திட்டுவது?

“வேண்டாம்னா விட்டுடு” என்றார் அவர். “ஒருத்தர் ரொம்ப நாளா இந்த வண்டியக் கேட்டுக்கிட்டே இருக்கார். மறுபேச்சு பேசாம எடுத்துக்குவார்.”

“அவர் வீட்ல பிள்ளைங்க இருக்காங்களா?” என்றாள் என் மனைவி.

மச்சான் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

“வெட்டு” என்றாள்.

“என்ன?”

“நீ ஒட்டினதை நீயே வெட்டு. நான் பார்த்துட்டுத்தான் போவேன்.”

அவர் என் பக்கம் திரும்பிச் சிரிக்க முயன்றார். “மாப்ள, உங்க பொண்டாட்டிக்குக் கொஞ்சம் சமாதானம் சொல்லுங்க.”

நான் பின்கதவைத் திறந்து கம்பிகளை எடுத்தேன். சீட்டுக்கு அடியிலிருந்து ஒற்றை ஷூ, கலர் பென்சில்கள், பாதி தின்ற பிஸ்கட் பாக்கெட் எல்லாவற்றையும் எடுத்து வெளியே வைத்தேன். அதைப் பார்த்ததும் அவர் சிரிப்பு நின்றது.

பெட்ரோல் டேங்கைக் கழற்றி வெளியே கொண்டுபோனார். சீட்டுகளையும் கார்ப்பெட்டையும் உருவினார். பிறகு வெட்டும் மெஷினை எடுத்தார். மேல் தூண்கள், பக்கவாட்டு, கடைசியில் தரை. பொறி பறந்தது. கார் லேசில் விடவில்லை. பிளேடு தேய்ந்து தேய்ந்து மாற்றினார். பாதியில் மெஷினை நிறுத்திவிட்டு, வியர்வை ஒழுக, தரைத்தகட்டை ஓங்கி மிதித்தார்.

“பாரு, எப்படிப் பிடிச்சிருக்குன்னு பாரு. அசையுதா?”

“மீதியையும் வெட்டுண்ணா.”

வெட்டினார். கார் நடுவில் தொய்ந்து, மெதுவாக இரண்டாகி உட்கார்ந்தது. இடைவெளியில் பட்டறையின் எண்ணெய்த் தரை தெரிந்தது. அவர் மெஷினைக் கீழே வைத்துவிட்டு அந்த இடைவெளியைப் பார்த்தபடியே நின்றார்.

என் மனைவி எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். “நாளைலேர்ந்து உன் பொண்ணை பஸ் ஸ்டாப்புக்கு அனுப்பு. மூணு பேரையும் நானே கூட்டிட்டுப் போறேன்” என்று சொல்லிவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் வெளியே நடந்தாள்.

நான் என்னையறியாமல் வெட்டிய விளிம்பை நோக்கிக் கையை நீட்டினேன்.

“சூடா இருக்கும் மாப்ள, தொட்டுடாதீங்க” என்றார் மச்சான்.